துபாய்க்குப் பிள்ளைகளை அனுப்புவோர் கவனத்திற்கு

நம் சங்க உறுப்பினர்களில் பலர் தங்கள் பிள்ளைகளையோ கடைப் பையன்களையோ துபாய்க்கு அனுப்ப உத்தேசித்து, அங்குள்ள நிலவரம் பற்றி நம்மிடம் கேட்ட வண்ணம் உள்ளனர். 1997-ல் அங்கு தேரா பகுதியில் ஒரு மளிகை மொத்தக் கடைக்குக் கணக்கெழுதப் போய், பிறகு நண்பருடன் கூட்டாகச் சிறு கடையும் வைத்து, 2009 கடைசியில் ஊர் திரும்பியவர் நாம். அன்று பட்டறிந்ததையும், அதன் பின் அங்கே சட்டங்களில் ஏற்பட்டுள்ள மாற்றங்களையும் சேர்த்து இங்கே தருகிறோம்.

போக்குவரத்து

துபாயின் பழைய நகரை க்ரீக் என்னும் கடற்கழி இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு கரை தேரா. மறு கரை பர் துபாய். மளிகை, வாசனைச் சரக்கு மொத்த வியாபாரம் தேராவின் அல் ராஸ் பகுதியிலும், ஜவுளி வியாபாரம் பர் துபாயிலும் மிகுதி. அக்கரைக்கும் இக்கரைக்கும் அப்ரா என்னும் படகு ஓடுகிறது. சாதாரண அப்ராவுக்கு ஒரு திராம்தான் கட்டணம். நாம் இருந்த நாளில் தேராக் கரை நெடுகத் தோணிகள் நின்று ஈரானுக்கும் சோமாலியாவுக்கும் சரக்கு ஏற்றும். தூத்துக்குடித் தோணித் துறையைக் கண்டவர்களுக்கு அது புதிய காட்சி அல்ல.

2009 செப்டம்பர் 9 அன்று மெட்ரோ ரயில் தொடங்கியது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அதில் தனி இடம் உண்டு. வண்டிக்குள் தின்பண்டம் தின்றாலும், தண்ணீர் குடித்தாலும் 100 திராம் அபராதம். சொல்லிப் பார்க்கலாம், கெஞ்சிப் பார்க்கலாம் என்பது அங்கு எடுபடாது.

வேலை நேரம்

நாம் வேலை பார்த்த கடை மதியம் ஒரு மணிக்கு அடைத்தால் நான்கு மணிக்குத்தான் திறக்கும். பிறகு இரவு பத்து மணி வரை ஓயாத வியாபாரம். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து மாலையில்தான் கடை. அரசு அலுவலகங்களுக்கு 2022 ஜனவரி முதல் சனி, ஞாயிறு விடுமுறை. வெள்ளி அரை நாள். ரமலான் மாதத்தில் தினசரி வேலை நேரத்தில் இரண்டு மணி குறைப்பு உண்டு. மொத்தக் கடையில் ஈரானியர், பாகிஸ்தானியர், மலையாளி, வங்காளி எனப் பலரும் வருவர். அரபு தெரியாமல் காலம் தள்ளலாம். நாம் இருந்த கடைத்தெருவில் இந்தி தெரியாமல் கல்லாவில் உட்கார முடியாது. அனுப்பும் முன் ஆறு மாதம் இந்தி பழக்குவது நல்லது.

நாம் பட்ட பாடு

கடை வாடகையை ஓராண்டுக்குக் கணக்கிட்டு, பின்தேதியிட்ட காசோலைகளாக முன்கூட்டியே வாங்கிக்கொள்வது அங்கு வழக்கம். 2003-ல் நாமும் நான்கு காசோலைகள் கொடுத்தோம். மூன்றாவது காசோலைக்குரிய தேதி நெருங்கியபோது, வரவேண்டிய பாக்கி வந்து சேரவில்லை. "பத்து நாள் பொறுங்கள்" என்று கட்டிட உரிமையாளரின் ஆளிடம் சொன்னோம். அவரும் தலையசைத்தார். நம் ஊரில், "அண்ணாச்சி, அடுத்த வாரம் போடுங்கள்" என்றால் முடிந்த காரியம் அல்லவா? அந்த நினைப்பில் இருந்துவிட்டோம். காசோலையோ குறித்த தேதியில் வங்கிக்குப் போய், பணமின்றித் திரும்பியது.

அன்றைய சட்டப்படி அது குற்ற வழக்கு. கடவுச்சீட்டை ஜாமீனாகக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தோம். கடன் வாங்கிப் பணத்தைக் கட்டி, புகார் வாபஸ் ஆகிக் கடவுச்சீட்டு கைக்கு வரப் பத்தொன்பது நாள் ஆயிற்று. அதற்குள் ஊரில் தங்கையின் திருமணம் நடந்து முடிந்தது. தாய்மாமன் எடுத்துக் கொடுக்க வேண்டியதை எல்லாம் அண்ணன் இல்லாமலே முடித்தார்கள். குற்றம் யாருடையது? தலையசைப்பை நம்பிய நம்முடையதுதான். ஒரு வரி எழுதி வாங்கியிருந்தால் அந்தக் கஷ்டம் இல்லை.

இன்றைய சட்டம்

2022 ஜனவரி 2 முதல் அங்கு, கணக்கில் பணமில்லாமல் காசோலை திரும்புவது மட்டுமே குற்றமாகாது. மோசடி நோக்கம் இருந்தால்தான் குற்ற வழக்கு. ஆனால், வாங்கியவர் அந்தக் காசோலையைக் கொண்டே நேராக நிறைவேற்று நீதிமன்றம் சென்று சொத்தை முடக்கக் கேட்கலாம். கணக்கில் உள்ள தொகையை மட்டுமாவது வங்கி கொடுத்துவிட வேண்டும். ஆகவே, சிறைப் பயம் குறைந்திருக்கிறதே தவிர, காசோலையின் கண்டிப்பு குறையவில்லை.

2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத்தின்படி நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்பது பொது வரம்பு. ஓராண்டு முடித்தவருக்கு ஆண்டுக்கு 30 நாள் விடுப்பு. ஆள் எடுக்கும் செலவை முதலாளியே ஏற்க வேண்டும். தொழிலாளியின் கடவுச்சீட்டை முதலாளி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது.

அனுப்பும் முன் கவனிக்க வேண்டியவை

1. சுற்றுலா விசாவில் போய் வேலை பார்ப்பது அங்கு சட்ட விரோதம். "போய்ப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்று சொல்லும் தரகரை நம்ப வேண்டாம்.

2. வேலைக் கடிதத்தைத் தமிழிலும் பெற அங்கே வழி உண்டு. கேட்டு வாங்கிப் படித்த பிறகே கையெழுத்திடச் சொல்லுங்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று தனியே பாருங்கள். வேலை முடிந்து வரும்போது கிடைக்கும் பணிக்கொடை அதை வைத்தே கணக்கிடப்படுகிறது.

3. பத்தாம் வகுப்புத் தேறாதவர்களுக்கு நம் அரசின் குடியேற்ற அனுமதி தேவை. அதைத் தவிர்த்துச் செல்ல வேண்டாம்.

4. வெற்றுக் காசோலையில் கையெழுத்து, பிறருக்காக ஜாமீன் கையெழுத்து இரண்டும் கூடவே கூடாது.

நம் கடைகளில் வாய்ச் சொல்லுக்கு மதிப்பு உண்டு. அது நமக்குப் பெருமையே. ஆனால், முகம் தெரியாத ஊரில் காகிதம்தான் நமக்குச் சாட்சி. பிள்ளையின் பெட்டியில் ஊறுகாய்ப் புட்டி வைக்கும்போது, எல்லாக் கடிதங்களின் நகலும் அடங்கிய ஓர் உறையையும் வையுங்கள். மற்றொரு நகல் உங்கள் கல்லாப் பெட்டியில் இருக்கட்டும்.