உங்களுக்குத் தெரியுமா? இரண்டு கேபிள் போட்டால் வேகம் இரட்டிப்பாகுமா?

இரண்டு வலையமைப்புச் சுவிட்சுகளுக்கு நடுவே தலா 1 கிகாபிட் வேகமுள்ள இரண்டு கேபிள்களை வெறுமனே செருகினால், ஸ்பானிங் ட்ரீ என்ற நெறிமுறை அவற்றில் ஒன்றை அடைத்துவிடும். தகவல் சுழன்று சுழன்று வலையமைப்பே முடங்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான். இரண்டும் சேர்ந்து உழைக்க, அவற்றை ஒரே இணைப்பாகக் கட்ட வேண்டும். இதுதான் லிங்க் அக்ரிகேஷன். 1990-களின் தொடக்கத்தில் இதை ‘ஈதர்சேனல்’ என்று கொண்டுவந்தது கல்பனா என்ற அமெரிக்க நிறுவனம். 1994-ல் சிஸ்கோ அந்த நிறுவனத்தை வாங்கியது. லிங்க் அக்ரிகேஷனுக்கான பொதுத் தரம் வந்தது 2000-ல்.

கட்டிய பிறகும், ஒரே ஒரு பெரிய கோப்பை நகலெடுத்தால் 2 கிகாபிட் கிடைக்காது! தகவல் துண்டுகள் வரிசை மாறாமல் போய்ச் சேர வேண்டும். அதனால் அனுப்புநர், பெறுநர் முகவரிகளை வைத்துக் கணக்கிட்டு, ஓர் உரையாடல் முழுவதையும் ஒரே கேபிளில் விடுகிறது சுவிட்ச். பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும்போதுதான் பலன் தெரியும்.

அமைப்பவர்கள் கவனிக்க: கேபிள்களைக் கட்டுவது பற்றி இரு சுவிட்சுகளும் பேசிக்கொள்ளும் எல்.ஏ.சி.பி. நெறிமுறையில் இரு முனைகளையும் ‘பாஸிவ்’ என்று வைத்தால் பேச்சைத் தொடங்க ஆளில்லை. இணைப்பு உருவாகவே உருவாகாது. ஒரு முனையாவது ‘ஆக்டிவ்’ ஆக இருக்கட்டும். நெறிமுறையே இல்லாமல் ‘ஆன்’ என்று கட்டாயப்படுத்துவதைத் தவிருங்கள். கேபிளைத் தவறான சுவிட்சில் செருகியிருந்தாலும் அது கண்டுகொள்ளாது. எல்.ஏ.சி.பி.யோ, வேக முறையில் நொடிக்கொரு முறை மறுமுனையிலிருந்து செய்தியை எதிர்பார்க்கும். 3 நொடி மௌனமென்றால் அந்தக் கேபிளை விலக்கிவிடும். மெது முறையில் இதற்கு 90 நொடி ஆகும்.