நாகைக்கு எதிர்க்கரையில் இறங்கிய 'சீதா தேவி'

நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினால் சுமார் நான்கு மணி நேரத்தில் யாழ்ப்பாணத்தின் காங்கேசன்துறை வந்துவிடும். இலங்கையின் முதல் தேசிய விமான நிறுவனம், தன் முதல் பயணத்திலேயே இறங்கிய ஊர் அது என்பது தெரியுமா?

1947 டிசம்பர் 10. இலங்கைக்குச் சுதந்திரம் கிடைக்க இன்னும் இரண்டு மாதம் இருந்தது. கொழும்பை அடுத்த ரத்மலானையிலிருந்து ஏர் சிலோனின் 'சீதா தேவி' என்ற டகோட்டா விமானம் கிளம்பியது. காங்கேசன்துறையில் இறங்கி, அங்கிருந்து சென்னைக்குப் பறந்தது. இரண்டாம் உலகப்போரில் ராணுவத்துக்குச் சரக்கு சுமந்த ரக விமானம் அது. இறங்கிய பலாலி ஓடுதளமும் போருக்காக ஆங்கிலேயர் போட்டதுதான்.

கூட்டாளிகள் தயவில்...

தொலைதூரம் பறக்க ஏர் சிலோனுக்குக் கூட்டாளி தேவைப்பட்டது. 1949-ல் ஆஸ்திரேலிய நிறுவனம் ஒன்று சேர, லண்டனுக்கும் சிட்னிக்கும் வழி பிறந்தது. பிறகு நெதர்லாந்து, பிரிட்டன், பிரான்ஸ் எனக் கூட்டாளிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள்.

ஆப்பிரிக்காவில் எத்தியோப்பியன் ஏர்லைன்ஸும் இப்படித்தான் தொடங்கியது. அமெரிக்க நிறுவனத்தின் துணையோடு, அதே டகோட்டா ரகத்தில் 1946-ல் கெய்ரோவுக்குப் பறந்தது. ஆனால், உள்நாட்டவருக்கே பயிற்சி கொடுத்து வளர்ந்து, இன்று அந்தக் கண்டத்தின் மிகப்பெரிய விமான நிறுவனமாக நிற்கிறது.

ஏர் சிலோனுக்கு அது வாய்க்கவில்லை. 1978 செப்டம்பர் 7 அன்று ரத்மலானையில் நின்ற அதன் ஆவ்ரோ விமானம் குண்டு வெடித்து எரிந்தது. பயணிகள் இறங்கிவிட்டிருந்ததால் உயிர்கள் தப்பின. மறு ஆண்டே அதன் இடத்துக்கு ஏர் லங்கா வந்தது. அடுத்து வந்த உள்நாட்டுப் போரில் பலாலி ராணுவத் தளமானது. தமிழகத்துக்கான வான்வழி அடைபட்டது.

மீண்டும் திறந்த வழி

2019-ல் பலாலி சர்வதேச விமான நிலையமாகி, சென்னைக்கு விமானம் வந்தது. 2023 அக்டோபர் 14 அன்று நாகையிலிருந்து கப்பல் கிளம்பியது. மழைக்காலம் நெருங்கியதால் சில நாள்களிலேயே நின்று, 2024 ஆகஸ்ட் 16-ல் மறுபடி ஓடியது. 2025 மார்ச்சில் திருச்சியிலிருந்தும் யாழ்ப்பாணத்துக்கு விமானம் பறக்கத் தொடங்கியது.

நாகைக்கும் காங்கேசன்துறைக்கும் நடுவே இருப்பது சுமார் 110 கிலோமீட்டர் கடல். தூரம் அன்றும் இன்றும் ஒன்றுதான். ஆனால் அடுத்த வாரமும் ஓடும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் அக்கரை உறவின் கல்யாணத்துக்குப் போகிறவரும், சரக்கு எடுக்கப் போகும் வியாபாரியும் டிக்கெட் எடுப்பார்கள். திறப்பு விழாவைவிட, தவறாமல் ஓடும் நாள்கள்தான் இரு கரையையும் இணைக்கும்.