கடற்சாமந்தியை வீட்டுத் தொட்டியில் வளர்க்க முடியுமா? கவனிக்க வேண்டியவை என்னென்ன?

புது தில்லி: வீட்டில் கடல்நீர் மீன்தொட்டி அமைத்துக் கோமாளி மீன் வளர்ப்போரில் பலர், அதனுடன் ஒரு கடற்சாமந்தியையும் வாங்க விரும்புகின்றனர். ஆனால், மீனைக் காட்டிலும் கடற்சாமந்தியைக் காப்பாற்றுவது மிகக் கடினம். புதிய தொட்டியில் விடப்படும் கடற்சாமந்தி சில வாரங்களிலேயே இறந்துவிடக்கூடும். அதன் உடல் அழுகினால் நீர் நஞ்சாகி, தொட்டியிலுள்ள மீன்களும் மடிய நேரிடும்.

செடி அல்ல, விலங்கு

மலரைப் போலத் தோன்றினாலும் கடற்சாமந்தி ஒரு விலங்கு. பவளம், ஜெல்லி மீன் ஆகியவற்றின் உறவினம். அதன் உணர்கொடுக்குகளில் கொட்டும் செல்கள் உள்ளன. கோமாளி மீனின் உடலைப் போர்த்தியுள்ள சளிப்படலம் அதனை அவற்றிலிருந்து காக்கிறது. உலகில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடற்சாமந்தி இனங்கள் இருப்பினும், சுமார் 10 இனங்களே கோமாளி மீன்களுக்கு இருப்பிடமாகின்றன. அவற்றுள் வீட்டுத் தொட்டிக்கு ஓரளவு ஏற்றதாகக் கருதப்படுவது, உணர்கொடுக்குகளின் நுனி குமிழ் போலப் பருத்திருக்கும் 'பபிள் டிப்' இனமாகும்.

ஒளியே உணவு

இந்த இனங்களின் திசுக்களுக்குள் நுண்பாசிகள் வாழ்கின்றன. அவை ஒளிச்சேர்க்கை மூலம் உருவாக்கும் உணவே கடற்சாமந்திக்கான ஆற்றலின் பெரும்பகுதியை அளிக்கிறது. எனவே, சாதாரண மீன்தொட்டி விளக்கு போதாது. பவள வளர்ப்புக்குரிய திறன்மிக்க எல்.இ.டி. விளக்கு தேவை. வெப்பம் மிகும்போதோ ஒளி குறையும்போதோ நுண்பாசிகள் வெளியேறிவிடுவதால் கடற்சாமந்தி வெளுத்துப் போகிறது. கடையில் பனி போல் வெண்மையாகக் காணப்படுவது பெரும்பாலும் அரிய நிறமன்று, பட்டினியின் அறிகுறி. வாய் திறந்தபடி தளர்ந்து கிடப்பதையும், அடிப்பாதம் கிழிந்திருப்பதையும் வாங்கக் கூடாது.

நீரின் தரம்

நீரின் வெப்பநிலை 24 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரையிலும், உப்பின் அளவு லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராமாகவும், பி.எச். அளவு 8.1 முதல் 8.4 வரையிலும் இருக்க வேண்டும். அம்மோனியா, நைட்ரைட் ஆகியவை அறவே இருக்கக் கூடாது. இவற்றை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் புதிய தொட்டியில் பெருகுவதற்கே 4 முதல் 6 வாரங்கள் ஆகும். அதன் பின்னரும் நீரின் தன்மை நிலைபெறக் காலம் தேவை என்பதால், தொட்டி அமைத்து ஆறு மாதங்களாவது கழிந்த பிறகே கடற்சாமந்தியை விடுவது நல்லது.

நீர் ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஆகையால், குறைந்த அளவை உப்பு நீரால் அன்றி, சுத்திகரிக்கப்பட்ட நன்னீரால் ஈடுசெய்ய வேண்டும். இந்தியாவின் கோடைக்காலத்தில் குளிர்விப்பான் இன்றி வெப்பத்தைக் கட்டுக்குள் வைப்பது அரிது. மின்தடையின்போது நீரில் ஆக்சிஜன் குறைந்துவிடும் என்பதால், பேட்டரியில் இயங்கும் காற்றுப் பம்பு கைவசம் இருத்தல் அவசியம்.

நகரும் உயிர்

கடற்சாமந்தி, வைத்த இடத்திலேயே இருப்பதில்லை. ஒளியும் நீரோட்டமும் ஏற்றதாக அமையும் வரை தொட்டிக்குள் நகர்ந்து செல்லும். அவ்வாறு நகரும்போது நீரோட்டப் பம்பில் சிக்கிச் சிதைவது உண்டு. எனவே பம்பின் உறிஞ்சு பகுதியை வலை அல்லது பஞ்சு கொண்டு மூட வேண்டும். பாறையைப் பற்றியிருப்பதை வலிந்து பிய்த்தெடுக்கக் கூடாது. வாரத்திற்கு ஓரிரு முறை சிறு இறால் துண்டு அளித்தால் போதும். மீன்களின் வெண்புள்ளி நோய்க்குப் பயன்படும் தாமிரம் கலந்த மருந்து கடற்சாமந்தியைக் கொன்றுவிடும். நோயுற்ற மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றியே சிகிச்சை அளிக்க வேண்டும்.

சட்டமும் மாற்று வழியும்

தொட்டியை அழகுபடுத்தக் கடலிலிருந்து பவளங்களை எடுப்போரும் உள்ளனர். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் முதல் அட்டவணையில் பாறைப் பவளங்கள் அனைத்தும் இடம்பெற்றுள்ளதால், அவற்றைச் சேகரிப்பதும் விற்பதும் குற்றமாகும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் வெப்பத்தால் லட்சத்தீவுப் பவளத்திட்டுகள் பெருமளவில் வெளுத்துப் போயின. அத்திட்டுகளே கடற்சாமந்தியின் இயற்கை வாழிடம் என்பதும் குறிப்பிடத்தக்கது.

நல்ல பராமரிப்பில் கடற்சாமந்தி பல்லாண்டுகள் வாழும். ஸ்காட்லாந்தில் இயற்கையியலாளர் ஜான் டாலியெல் 1828-இல் கடற்கரையிலிருந்து எடுத்து வந்த குளிர்கடல் இனம் ஒன்று, அவரது மறைவுக்குப் பின்னரும் பிறரால் பேணப்பட்டு 1887 வரை உயிர்வாழ்ந்தது.

அத்தகைய நீண்டகாலப் பொறுப்பை ஏற்க இயலாதவர்களுக்கு மாற்று வழி உண்டு. இயற்கையில் கோமாளி மீனுக்குக் கடற்சாமந்தியின் காவல் இன்றியமையாதது. எதிரிகள் இல்லாத வீட்டுத் தொட்டியிலோ அது தனித்தே நலமாக வாழும். கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் கோமாளி மீன்களைச் செயற்கை முறையில் இனப்பெருக்கம் செய்யும் தொழில்நுட்பத்தை உருவாக்கியுள்ளது. பொரிப்பகங்களில் பிறந்த அத்தகைய மீன்களை மட்டும் வாங்கி வளர்ப்பதே தொடக்க நிலையினருக்கு ஏற்ற வழியாகும்.