‘சட்டியில் இருந்தால்’ என்பது ‘சஷ்டி’யா? பழமொழி, சொலவடை, பொன்மொழி: பெயரிலேயே இருக்கிறது பதில்

ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கும் எவருக்கும் இந்த ஃபார்வர்டு ஒரு தடவையாவது வந்திருக்கும். ‘நாம் தவறாகப் புரிந்துகொண்ட பழமொழிகள்’ என்று தலைப்பு. ‘சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்’ என்பது பிழையாம், ‘சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும்’ என்பதே சரியாம். சஷ்டி விரதம் இருந்தால் அகப்பையில், அதாவது உள்ளே இருக்கும் பையான கருப்பையில், குழந்தை தங்கும் என்று விளக்கம். கீழே வரிசையாகக் கும்பிடு எமோஜி.

படிக்கச் சுவாரஸ்யமாகத்தான் இருக்கும். ஆனால் அதே குரூப்பில் கல்யாணமாகி நாலைந்து வருஷம் ஆகியும் குழந்தை இல்லாத ஒரு பெண் இருக்கலாம். அடுப்படியில் பிறந்த ஒரு வாக்கியம் திடீரென்று அவரைப் பார்த்து, ‘நீ விரதம் இருக்கலையா?’ என்று கேட்கிறது.

இந்த மாதிரித் ‘திருத்தங்களை’ நம்பலாமா? பழமொழிக்குத் தமிழ் வைத்திருக்கும் பெயர்களிலிருந்தே தொடங்கலாம்.

சொன்னது யார்?

பழமொழி, பழஞ்சொல், முதுமொழி, முதுசொல், மூதுரை. எல்லாமே ஒரே மாதிரி கட்டப்பட்ட சொற்கள். முன்பாதி பழமை அல்லது முதுமை. பின்பாதி மொழி, சொல், உரை. மலையாளத்திலும் ‘பழஞ்சொல்’தான். ஒன்றில்கூட ‘இன்னார் சொன்னது’ என்ற பொருள் இல்லை என்பதைக் கவனியுங்கள். இந்தியில் ‘கஹாவத்’ என்றால் சொல்லப்படுவது, ‘லோகோக்தி’ என்றால் உலகத்தார் பேச்சு. அங்கேயும் ஆள் பெயர் கிடையாது.

அகநானூற்றின் 66ஆவது பாடலிலேயே ‘பழமொழி’ என்ற சொல் வந்துவிடுகிறது. பிள்ளை பெற்றவர்களுக்கு இம்மையிலும் மறுமையிலும் சிறப்பு என்ற பழைய பேச்சு மெய்தான் என்று தலைவி தோழியிடம் சொல்லும் இடம். அங்கேயும் அது ‘பலர்’ சொன்னது என்றுதான் வருகிறது, ஒருவர் சொன்னதாக அல்ல. இன்றைக்கும் நாம் அப்படித்தானே பேசுகிறோம்? “சும்மாவா சொன்னாங்க பெரியவங்க!” எந்தப் பெரியவங்க என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

தென் மாவட்டங்களில் இதற்கு ‘சொலவடை’ என்று பெயர். இதில் பழமைகூடக் கிடையாது, ‘சொல்’ மட்டும்தான் இருக்கிறது. நேற்று டீக்கடையில் ஒருவர் எடுத்துவிட்டு, நாலு பேர் திருப்பிச் சொன்னாலே சொலவடை ஆகிவிடும். எனக்கு இந்தப் பெயர்தான் பிடிக்கும். வயது சர்டிஃபிகேட் கேட்காத பெயர்.

பொன்மொழி இதற்கு நேர் எதிர். அதற்கு ஒரு ஆள் வேண்டும், முடிந்தால் ஒரு போட்டோவும் வேண்டும். அதனால்தான் யாரோ எழுதிய வரிக்குப் பக்கத்தில் கலாம் படத்தையோ புத்தர் படத்தையோ ஒட்டிவிடுகிறார்கள். பெயர் இல்லாவிட்டால் பொன்மொழி விலை போகாது. பழமொழிக்கு அந்தக் கவலையே இல்லை.

தொல்காப்பியம் வைக்கும் டெஸ்ட்

தொல்காப்பியத்தின் செய்யுளியல் முதுமொழிக்கு ஒரு இலக்கணமே சொல்கிறது. நுட்பமாக இருக்க வேண்டும், சுருக்கமாக இருக்க வேண்டும், பொருள் பளிச்சென்று தெரிய வேண்டும். இவற்றோடு இன்னொரு விஷயம்தான் முக்கியம்: சொல்லவந்த கருத்தை முடித்துவைக்கும் காரணமாக அது வர வேண்டும். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது, ‘அதனாலதான்’ என்று நடுவில் இறக்கும் சீட்டு அது. தனியாக ஃப்ரேம் போட்டு மாட்டுவதற்கு இல்லை.

இப்போது அந்த ஃபார்வர்டை இதில் வைத்துப் பாருங்கள். சட்டியில் குழம்பு இல்லாவிட்டால் அகப்பையில் என்ன வரும்? சமைக்காதவருக்கும் உடனே புரியும். கையில் காசில்லாதவரிடம் கடன் கேட்கும்போதும் சொல்லலாம், படிக்காமல் மார்க் எதிர்பார்ப்பவரிடமும் சொல்லலாம். ‘சஷ்டி’ வடிவத்துக்கோ அகப்பைக்குப் பதம் பிரித்துப் பொருள் சொல்ல ஒரு ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டும். அந்த விரத நம்பிக்கை தமிழ்நாட்டில் உண்மையாகவே உண்டு, அது வேறு விஷயம். ஆனால் அகப்பை என்றால் கரண்டி. தேங்காய்ச் சிரட்டையில் காம்பு செருகிச் செய்தது. அதைக் கருப்பையாக்குவது மேடைப் பேச்சில் சிலேடையாக நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

இன்னொன்று, ‘ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்’. இதை ‘ஆயிரம் வேரைக் கொண்டவன்’ என்று திருத்துகிறார்கள். பேர் வேராக வேண்டும், கொன்றவன் கொண்டவனாக வேண்டும். ரெண்டு இடத்தில் ஆபரேஷன்! மருத்துவரைக் கிண்டல் செய்யும் வழக்கம் தமிழுக்கு மட்டும் உரியதும் இல்லை. மருத்துவர்கள் நம் உயிரை வைத்துத்தான் தொழில் கற்கிறார்கள் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி கி.பி. முதல் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார். லத்தீனில் பேருமில்லை, வேருமில்லை.

‘அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்’ என்பதில் ‘அடி’ என்றால் இறைவன் திருவடி என்பார்கள். பிள்ளைகளை அடித்து வளர்த்த வீடுகளில் இந்தச் சொலவடை எந்தப் பொருளில் வந்தது என்று அடி வாங்கியவர்களுக்குத் தெரியும். பொருளை மாற்றிவிட்டால், அப்படி ஒரு வழக்கமே நம்மிடம் இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம். இதுதான் என் ஆட்சேபம். பெண்களையும் சாதிகளையும் இழிவாகச் சொல்லும் பழமொழிகள் நம்மிடம் ஏராளம். அவற்றைப் புழங்காமல் விடலாம், தப்பு என்று முகத்துக்கு நேரே சொல்லலாம். எழுத்தைத் திருத்தி, நம் முன்னோர் தவறாகவே பேசியதில்லை என்று காட்டுவது வேறு வேலை.

அப்படியானால் பழமொழி மாறவே மாறாதா?

மாறும். பதினெண்கீழ்க்கணக்கில் ஒன்றான ‘பழமொழி நானூறு’ முன்றுறை அரையனார் இயற்றியது. வெண்பாவுக்கு ஒரு பழமொழி வீதம் உள்ளது. நிறைகுடம் தளும்பாது, பாம்பின் கால் பாம்பறியும் என்று நாம் இன்றும் சொல்பவை அங்கே இருக்கின்றன. தவளை தன் வாயால் கெடும் என்பதும் அதில் உண்டு. ஆனால் அங்கே இருப்பது தவளை அல்ல, ‘நுணல்’. அதுவும் தவளைக்குப் பெயர்தான். அந்தச் சொல் வழக்கொழிந்ததும் மக்கள் தெரிந்த சொல்லைப் போட்டுக்கொண்டார்கள், பொருள் அப்படியே இருந்தது. ஃபார்வர்டுகளில் நடப்பது தலைகீழ்: தெரிந்த சொல்லை எடுத்துவிட்டு, விளக்கம் தேவைப்படும் சொல்லை வைக்கிறார்கள்.

திருப்பித் திருப்பிச் சொல்வதால் ஒரு வாக்கியம் தேய்ந்தும் போகும். அதற்குப் பெயர் ‘க்ளிஷே’. பிரெஞ்சு அச்சகங்களிலிருந்து வந்த சொல். பக்கத்தை மறுபடி மறுபடி அச்சடிக்க உலோகத்தில் வார்த்து வைத்த தகட்டுக்கு அந்தப் பெயர். தமிழில் ‘தேய்வழக்கு’ என்கிறார்கள். ‘காலம் பொன் போன்றது’ இப்போது அந்த நிலைமையில்தான் இருக்கிறது, பள்ளிச் சுவரைத் தாண்டி யார் வாயிலும் வருவதில்லை.

ஒரு பழமொழியின் பழைய வடிவம் என்ன என்று பார்க்க ஆசைப்பட்டால், வழி இருக்கிறது. யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் பணியாற்றிய பீட்டர் பெர்சிவல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து 1874இல் வெளியிட்டார். டென்மார்க்கைச் சேர்ந்த ஹெர்மன் ஜென்சனின் தொகுப்பு 1897இல் வந்தது. இரண்டும் ஸ்கேன் செய்யப்பட்டு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அடுத்த ஃபார்வர்டு வரும்போது, கும்பிடு எமோஜி போடுவதற்கு முன்னால் அதில் ஒரு தடவை புரட்டிப் பார்க்கலாம்.