சருகுக்கடியில் ஒரு கோண்டுவானாவாசி

வீட்டுக் கூரை மூலையில் தொங்கிக்கொண்டு, தொட்டால் உடம்பைக் கிடுகிடுவென ஆட்டும் நெடுங்கால் சிலந்தியை நமக்கெல்லாம் தெரியும். ஒட்டடைக் குச்சிக்கு முதலில் மாட்டுவது அதுதான். அதையும் 'டாடி லாங்லெக்ஸ்' என்கிறார்கள், காட்டில் திரியும் வேறொரு பிராணியையும் அதே பெயரால் அழைக்கிறார்கள். இங்கே பேச வந்தது அந்த இரண்டாமவரைப் பற்றி: ஹார்வெஸ்ட்மேன். எட்டுக் கால் உண்டு. சிலந்தி, தேள், உண்ணி எல்லாம் சொந்தக்காரர்கள். ஆனால் இது சிலந்தி இல்லை. ஓபிலியோனெஸ் என்ற தனி வரிசையைச் சேர்ந்தது. அந்த வரிசையில் இதுவரை 6,500க்கும் அதிகமான இனங்களை விவரித்திருக்கிறார்கள்.

சிலந்தியிலிருந்து பிரித்துப் பார்ப்பது எளிது. சிலந்திக்கு இடுப்பு உண்டு. முன்னுடல் வேறு, வயிறு வேறு என்று பார்த்தவுடன் தெரியும். ஹார்வெஸ்ட்மேனுக்கு இடுப்பே கிடையாது, உடல் முழுக்க ஒரே உருண்டை. நூல் சுரப்பி இல்லாததால் வலையும் இல்லை. நஞ்சுச் சுரப்பியும் இல்லை. 'உலகிலேயே கொடிய விஷம் இதனிடம்தான், பாவம் பல்தான் குட்டை' என்று ஒரு கதை இன்றும் உலவுகிறது. அது முழுப் பொய். சிலந்தி இரையைக் கரைத்து உறிஞ்சும். இதுவோ சிறு பூச்சி, செத்த புழு, காளான் என்று கிடைத்ததைத் துண்டு துண்டாகப் பிய்த்துத் தின்னும்.

காலை உற்றுப் பார்த்தால் இன்னொன்று புரியும். நான்கு ஜோடியில் இரண்டாவது ஜோடிதான் மிக நீளம். நடக்கும்போது அதை அதிகம் ஊன்றுவதில்லை. முன்னால் நீட்டித் தட்டித் தடவி வழி பார்க்கிறது. முதுகில் மேடு போல எழுந்த ஒரு முகட்டில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே கண்கள். அவற்றின் பார்வை மங்கல்தான், ஆகவே உலகத்தை அறிவது பெரும்பாலும் அந்த இரண்டாம் கால்களால்தான். எதிரி பிடித்தால் காலைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஓடிவிடும். கழன்ற கால் தனியாகக் கிடந்து துடிக்க, பிடித்தவர் கவனம் அதில் போய்விடும். பல்லிக்கு வால் வளரும், இதற்குக் கால் மறுபடி முளைப்பதில்லை. காட்டில் பார்க்கும் வளர்ந்த ஹார்வெஸ்ட்மேன்களில் பல ஏழு காலோடு, ஆறு காலோடு திரிவது இதனால்தான்.

இது ஹார்வெஸ்ட்மேன் என்று சொல்வது வரை சுலபம். எந்த இனம் என்று கேட்டால்தான் வம்பு. ஜெர்மானியர் கார்ல் ஃபிரீட்ரிக் ரோவர் 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் தெற்காசிய இனங்கள் உட்பட ஏராளமானவற்றுக்குப் பெயர் வைத்தார். 1923இல் உலக ஹார்வெஸ்ட்மேன்கள் அனைத்தையும் ஒரே தடித்த நூலில் தொகுத்தவர் அவர். கால் நுனியில் எத்தனை கணு, முதுகில் எத்தனை முள் என்று எண்ணிப் பேரினங்களைப் பிரித்தார். ஒரே இனத்துக்குள்ளேயே இந்த எண்ணிக்கை மாறக்கூடும் என்பது பின்னால்தான் தெளிவானது. அவர் கட்டிய அறைகளில் பல இன்று இடிக்கப்பட்டு ஒன்றாக்கப்பட்டிருக்கின்றன. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. யாராவது தொடங்கியாக வேண்டுமே. இப்போது நெடுங்கால் இனங்களைப் பிரிக்க ஆணின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்ப்பதுதான் நம்பகமான வழி.

நெடுங்கால் கூட்டத்தை விட என்னை அதிகம் ஈர்ப்பது இலங்கையின் பெட்டாலஸ் என்ற ஹார்வெஸ்ட்மேன். அதைப் பார்த்தால் இதுவரை சொன்ன அடையாளங்களில் பாதி செல்லாது. கால் குட்டை, முதுகில் கண்மேடு கிடையாது, சில மில்லிமீட்டர் நீளத்தில் தடித்த ஓட்டோடு உண்ணியைப் போல இருக்கும். 1875இல் இங்கிலாந்துப் பாதிரியார் ஆக்டேவியஸ் பிக்கார்ட்-கேம்பிரிட்ஜ் இதை முதலில் விவரித்தார். மறு ஆண்டே சுவீடனின் தோரெல் இதற்கென்று தனிப் பேரினம் அமைத்தார். 2009இல் விவரிக்கப்பட்ட ஓர் இனத்துக்கு, 19ஆம் நூற்றாண்டில் பேராதனைத் தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பில் இருந்த துவைட்ஸின் பெயரை வைத்திருக்கிறார்கள்.

பெட்டாலஸின் முதுகில் இரு பக்கமும் கூம்பு போல ஒவ்வொரு புடைப்பு நிற்கும். அதன் வாயில்தான் நாற்றச் சுரப்பி திறக்கிறது; எறும்பு போன்ற எதிரிகளைத் துரத்தும் திரவம் அங்கிருந்து வரும். ஆணா என்று பார்க்கக் கடைசிக் காலின் நுனியைக் கவனிக்க வேண்டும்: அங்கே சிறு கொம்பு போல ஒரு துருத்தல் இருந்தால் ஆண். அதன் வடிவம் இனத்துக்கு இனம் மாறுவதால் இனத்தை உறுதி செய்யவும் அதுவே உதவுகிறது.

வசிப்பிடம் மழைக்காட்டுத் தரையில் மக்கிக்கொண்டிருக்கும் சருகு. தேடுகிறவர்கள் சருகை அள்ளிச் சல்லடையில் போட்டு, கீழே வெள்ளைத் துணி விரித்துச் சலிக்கிறார்கள். துணியில் விழும் தூசு தும்புக்குள் இதுவும் அசையாமல் கிடக்கும். சற்றுப் பொறுத்தால் ஒரு மண்துகள் மெல்ல நடக்கத் தொடங்கும். ஈரம் போனால் இதனால் தாக்குப்பிடிக்க முடியாது. பறக்காது, சிலந்திக் குஞ்சுகளைப் போல நூல் விட்டுக் காற்றில் மிதந்து போகவும் தெரியாது. ஆகவே ஒரு காட்டில் இருப்பது பக்கத்து மலைக்கே போவது அபூர்வம்.

அப்படிப்பட்டதன் உறவினர்கள் எங்கே இருக்கிறார்கள்? பெட்டாலிடே குடும்பத்தின் மற்ற உறுப்பினர்கள் தென் ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, சிலி ஆகிய இடங்களில் வாழ்கிறார்கள். எல்லாம் ஒரு காலத்தில் கோண்டுவானா என்ற ஒரே பெருநிலமாக இருந்தவை. கடலை இவை கடக்கவில்லை. நிலம்தான் பிரிந்து இவற்றைச் சுமந்து போனது. மடகாஸ்கரிலிருந்து இலங்கையோடு சேர்ந்த இந்தியா விலகியது சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. வடகிழக்கு இந்தியாவில் கிடைக்கும் இதே உருவக் குட்டைக்கால் இனங்களோ வேறு குடும்பம்; அவற்றின் சொந்தம் தென்கிழக்கு ஆசியாவில் இருக்கிறது. பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பிராணிகளின் பூர்விகம் இவ்வளவு வேறு.

நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் நெடுங்கால் வகையைச் சுலபமாகவே பார்க்கலாம். ஈரப் பாறை இடுக்கிலும் மரப் பட்டையிலும் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும். அருகே போனால் சில இனங்கள் எல்லாம் சேர்ந்து உடம்பைக் குலுக்கும். பார்த்தால் முதுகை மேலிருந்து ஒரு படம், கண்மேடும் முள்ளும் தெரியப் பக்கவாட்டில் ஒரு படம், இடமும் உயரமும் தேதியும் குறிப்பு என்று எடுத்து ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றுங்கள். படத்தை வைத்துப் பேரினம் வரை சொல்லக் கிடைத்தாலே பெரிது. காப்புக்காட்டில் அனுமதி இல்லாமல் எதையும் பிடித்துக் கொண்டுவரக் கூடாது. காலைப் பிடித்து மட்டும் தூக்காதீர்கள்.