காந்தாரத்தை யார் வாசிப்பது?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், கார்த் தொழிற்சாலைகளால் பேர்பெற்ற ஃபிளின்ட் நகருக்குப் பக்கத்தில் டேவிசன் என்றொரு சிற்றூர். அங்கிருந்து கிளம்பிய சியோடோஸ் இசைக்குழு 2005-இல் ‘ஆல்ஸ் வெல் தட் எண்ட்ஸ் வெல்’ என்ற பாடல் தொகுப்பை வெளியிட்டது. தலைப்பு ஷேக்ஸ்பியருடையது. சத்தம் அவர் காலத்து உலகம் அறியாதது.

இரண்டு கிட்டார்கள் இரைகின்றன. க்ரெய்க் ஓவன்ஸ் உச்சக்குரலில் பாடுகிறார். திடீரென்று தொண்டை கிழியக் கத்துகிறார். நடுவே பிராட்லி பெல் பியானோ வாசிக்கிறார். அது நமக்குக் கேட்கவும் செய்கிறது! நூறு தறி ஓடும் கூடத்தில் வீணை கேட்பது போன்ற விந்தை இது. ஹார்ட்கோர் பங்க்கின் ஆவேசத்தை விடாமல் பாட்டின் கட்டுமானத்தை மட்டும் விரித்துக்கொண்ட இவ்வகை இசைக்கு ‘போஸ்ட்-ஹார்ட்கோர்’ என்று பெயர்.

முதலில் கிட்டாரின் கரகரப்பைப் பார்ப்போம். மின்பெருக்கிக்கு ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டி ஒலியைத் திணித்தால், படியில் அரிசியைத் தலைதட்டி அளப்பதுபோல அலையின் முகடுகள் வழிக்கப்படுகின்றன. வெட்டுப்பட்ட அலையிலிருந்து, தந்தி தராத புதுப்புது மேற்சுரங்கள் கிளம்புகின்றன. இதுதான் டிஸ்டார்ஷன், ஒலிச்சிதைவு எனலாம். பழுதென்று ஒதுக்க வேண்டியதை விரும்பி வாங்கியவர்களும் உண்டு. கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் 1964 வாக்கில் தன் ஒலிபெருக்கியின் கூம்பைப் பிளேடால் கிழித்தே அந்தக் கரகரப்பைப் பெற்றார்.

சிதைவுக்குள் இரண்டு சுரங்களை ஒன்றாக அனுப்பினால் வேடிக்கை தொடங்குகிறது. கிட்டாரின் தடித்த தந்தி நொடிக்கு 82.4 முறை அதிர்கிறது. அதைச் சட்ஜமாகக் கொண்டால், பஞ்சமம் 123.5. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 41. சிதைவு அந்த 41-ஐயும் ஒரு சுரமாகவே பிறப்பிக்கிறது. பேஸ் கிட்டாரின் அடித்தந்தி ஒலிக்கும் இடம் அது. யாருமே மீட்டாத தந்தி, நெஞ்சுக்கூட்டில் அதிர்கிறது.

காந்தாரத்தைச் சேர்த்தால் கதை மாறும். அந்தர காந்தாரம் இயற்கைக் கணக்கின்படி 103.0 அதிர்வு, மேற்கத்தியச் சுருதி முறையில் 103.8. முக்கால் அதிர்வுதானே என்று விட்டுவிட முடியாது. மேற்சுரங்களில் அது 412-க்கும் 415-க்கும் உள்ள இடைவெளியாகி, நொடிக்கு மூன்று முறை துடிக்கிறது. சாதாரணக் கிட்டாரில் அந்தத் துடிப்பு மெலிசு. சிதைவோ மேற்சுரங்களையே ஊதிப் பெருக்குவது; எனவே எல்லாம் சேற்றுக் கலங்கலாகிவிடுகிறது. பஞ்சமத்தில் இதே துடிப்பு மூன்று நொடிக்கு ஒரு முறைதான், அதிகம் போனால்.

அதனால்தான் இத்தகைய கிட்டார்கள் பெரும்பாலும் காந்தாரத்தை விட்டுவிட்டு ‘ச-ப’ மட்டும் வாசிக்கின்றன. அதற்குப் பவர் கார்டு என்று பெயர். ஆனால் மேற்கத்திய இசையில் மகிழ்ச்சியா துயரமா என்று சொல்வதே காந்தாரம்தான்: அந்தரம் என்றால் வெளிச்சம், சாதாரணம் என்றால் நிழல். அது இல்லாத கிட்டார், வாசலில் பந்தல் மட்டும் போட்டிருக்கும் வீடு. உள்ளே கல்யாணமா, துக்கமா, தெரியாது.

பாடுபவர் சொல்லலாம். ஆனால் அவர் கத்தும்போது குரலில் பற்றிக்கொள்ளத் தெளிவான சுரம் ஏது? அப்போது பியானோ உள்ளே வந்து செய்தி சொல்கிறது. சிதைவில்லாத ஒலி, கிட்டாரின் நெரிசலுக்கு மேலே உள்ள ஸ்தாயி. காந்தாரம் தெளிவாக விழுகிறது. (இரண்டு கிட்டார்கள் தனித்தனிப் பெருக்கிகளில் ஆளுக்கொரு சுரம் வாசித்தும் இந்தச் சேற்றிலிருந்து தப்பலாம். அதுவும் கெட்டிக்காரத்தனம்தான். எனக்குப் பியானோ வழியே பிடித்திருக்கிறது.)

காது பியானோவைப் பிரித்தெடுப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. தலைதட்டப்பட்ட கிட்டார் ஒலி ஒரே உயரத்தில் நீள்கிறது, சுவர்போல. பியானோவில் சுத்தியல் தந்தியைச் சில மில்லிநொடிகள் மட்டும் தொட்டு விலகுகிறது. ஒலி பளிச்சென்று எழுந்து தேய்கிறது. தொடக்கங்களைக் கவனிப்பதில் நம் காது மகா கூர்மை. சுவரில் ஆணி அடிக்கும் சத்தம் தெரு இரைச்சலிலும் தனியே கேட்பது அதனால்தான். பியானோவின் முழுப்பெயரான ‘பியானோஃபோர்ட்டே’வுக்கு ‘மென்மை-வன்மை’ என்று பொருள். சிதைந்த கிட்டார் இழந்துவிட்ட குணம் அதுவே.

இனி, கிட்டார்கள் சட்டென்று நின்று பியானோ மட்டும் ஒலிக்கும் இடம். பேரொலி நின்ற கணத்திலேயே காது தெளிந்துவிடுவதில்லை. நொடியில் ஐந்தில் ஒரு பங்குவரை மெல்லிய ஒலிகள் அதற்கு எட்டாமல் போகலாம். பின்மறைப்பு என்று சொல்லலாம். ஏறக்குறைய கண்ணிமைக்கும் நேரம், நம் இலக்கணக்காரர்களின் ஒரு மாத்திரை. அந்த இடைவெளியில் பியானோவின் சுரம் ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருக்கிறது. நாம்தான் இன்னும் போய்ச் சேரவில்லை.