சிற்றளவுத் தெரு – 6: எந்த வருடத்து அவென்யூ ரோடு?

சென்ற வாரம் அளவு விகிதத்தை முடிவு செய்தோம்: 1:50. ஐந்தரை அடி ஆள் இந்தக் கணக்கில் மூன்றரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நிற்பார். எட்டு மீட்டர் அகலத் தெரு 16 சென்டிமீட்டர். அறுபது மீட்டர் நீளத் தெருத்துண்டு 1.2 மீட்டர் பலகையில் அடங்கிவிடும். சாப்பாட்டு மேசையின் ஒரு பாதி போதும். இனி அந்தப் பலகையில் எந்த இடத்தை, எந்த வருடத்தை வைப்பது என்று தீர்மானிக்க வேண்டும். வெட்டுவதும் ஒட்டுவதும் பழகப் பழக வந்துவிடும். இந்த ஒரு முடிவில் தவறினால் எவ்வளவு நேர்த்தியாக ஒட்டினாலும் தெரு பொய்யாகிவிடும்.

‘பழைய பெங்களூரு’ என்ற பெயரில் செய்யப்படும் மாதிரிகளைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு விஷயம் என் கண்ணை உறுத்தும். சிக்பேட்டையின் ஜவுளிக்கடையும், அதற்கு அடுத்து மரச்சட்டம் கோத்த கூம்பு முகப்புள்ள பங்களாவும் ஒட்டி ஒட்டி நிற்கும். அந்தக் கூம்பு முகப்புக்கு ஊரில் ‘மங்கி டாப்’ என்று பெயர். ஜன்னலுக்கும் வாசலுக்கும் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் அது பார்க்க அழகானதுதான். ஆனால் அது தோட்டம் சூழ்ந்த பங்களாக்களின் அடையாளம். சுவரோடு சுவர் ஒட்டிய பேட்டைத் தெருவில் அதற்கு இடமே இல்லை. பேட்டை, கெம்பே கௌடா 1537இல் அமைத்த ஊர். கண்டோன்மென்ட், ஆங்கிலேயர் 1809இல் அமைத்த ராணுவ ஊர். இரண்டுக்கும் தனித்தனி நகராட்சி. 1949இல்தான் ஒன்றாக இணைத்தார்கள். அல்சூரிலும் சிவாஜிநகரிலும் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பங்களில் பெரியவர்கள் இன்றைக்கும் ‘சிட்டிக்குப் போய்ட்டு வரேன்’ என்று பேட்டைப் பக்கம் கிளம்புவார்கள். அந்தப் பிரிவினை பேச்சில்கூட இன்னும் இருக்கிறது. மாதிரியில் மட்டும் அதை எப்படி அழிப்பது?

ஆகவே ஒரே ஊரை எடுத்துக்கொள்வோம். நான் பேட்டையை எடுக்கிறேன். அதிலும் அவென்யூ ரோடு. இதன் பழைய பெயர் தொட்டபேட்டை. மைசூர் பேங்க் சர்க்கிளிலிருந்து கே.ஆர். மார்க்கெட் வரை ஓடும் இந்தத் தெருவைச் சிக்பேட்டைத் தெரு குறுக்கே வெட்டுகிறது. அந்த நாற்சந்தியிலிருந்துதான் நான்கு ஏர் பூட்டி நான்கு திசைக்கும் உழவைத்து, கெம்பே கௌடா தெருக்களுக்குக் கோடு போட்டார் என்று கதை சொல்வார்கள். கதையை வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் 1791இல் கார்ன்வாலிஸ் படை ஊரைப் பிடித்தபோது ஆங்கிலேயர் வரைந்த வரைபடத்தைப் பாருங்கள். வேலியும் அகழியும் சுற்றிய நீள்வட்டமாகப் பேட்டை கிடக்கிறது, தெற்கே கோட்டை. பேட்டைக்குள் பெரிய தெருக்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. இருநூறு வருடங்களுக்குமேல் ஆகியும் அந்தத் தெருக்களின் போக்கு பெரிதாக மாறவில்லை. ஹலசூர் வாசல், எலஹங்கா வாசல் என்று இருந்த பேட்டை வாசல்கள் போய்விட்டன. ஹலசூர் கேட் என்ற பெயர் ஒரு காவல் நிலையத்தின் பலகையில் மிஞ்சியிருக்கிறது.

இடம் முடிவானது. வருடம்? 1905, ஜூலை மாதம் என்பது என் பரிந்துரை.

காரணம் சொல்கிறேன். 1905 ஆகஸ்ட் 5ஆம் தேதி பெங்களூரு நகரத் தெருவிளக்குகளில் முதன்முதலாக மின்சாரம் பாய்ந்தது. சிவனசமுத்திரத்தில் காவிரி அருவியிலிருந்து எடுத்த மின்சாரம் அது. 1902இலிருந்தே கோலார் தங்கவயலுக்குப் போய்க்கொண்டிருந்தது. மூன்று வருடம் கழித்துத்தான் ஊருக்கு வந்தது. அந்த நாளுக்கு முந்தைய தெருவில் மின்கம்பம் இல்லை, கம்பி இல்லை. மண்ணெண்ணெய் விளக்குத் தூணும், அந்தி வேளையில் ஏணியோடு வந்து ஏற்றிப் போகிறவரும் உண்டு. ஒரே ஒரு மாதம் முன்னே பின்னே போனால் தெருவின் ஆகாயமே மாறிவிடுகிறது. இதை எழுதும்போது எனக்கு எஸ்.பி. ரோடு ஞாபகம் வருகிறது. அங்கே போய் நூறு எல்.இ.டி. வாங்கி வந்து ஜன்னல் தவறாமல் வைத்து, இருட்டில் தெருவை ஜொலிக்க விடுவது மாதிரி செய்கிறவர்களின் பெரிய ஆசை. ஜூலை 1905 அந்த ஆசைக்கு அணை போடும். பகல் வெளிச்சத்தில் நிற்கும் தெருவாகச் செய்யுங்கள். சுவரும் தூணும் திண்ணையும் அப்போதுதான் தெரியும்.

மாதத்தையும் சேர்த்துச் சொன்னதற்கு இன்னொரு காரணம் உண்டு. தர்மராய சுவாமி கோயில் கரகம் சித்திரைப் பௌர்ணமியில் வருவது. ஜூலையில் அதைத் தெருவில் இறக்க முடியாது. ஜூலை பெரும்பாலும் ஆஷாட மாதம், கல்யாண ஊர்வலமும் கிடையாது. மிஞ்சுவது ஒரு சாதாரண வேலைநாள்: ஜட்கா வண்டி, மாட்டு வண்டி, மூட்டை தூக்குகிறவர், திண்ணையில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவர், அடிக்கடி தூறும் மழை. எனக்கு வேண்டியது அந்த வேலைநாள்தான்.

வருடம் உறுதியானதும் பலகையிலிருந்து எதையெல்லாம் எடுக்க வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். கே.ஆர். மார்க்கெட் கட்டடம் 1928இல் வந்தது, ஆகவே இல்லை. அவென்யூ ரோட்டில் இன்று நிற்கும் ரைஸ் நினைவு தேவாலயக் கட்டடம் 1910களில் எழுந்தது, அதுவும் இல்லை. டவுன் பஸ் 1940இல்தான். தெருக்குழாய் வைக்கலாம், ஹெசரகட்டாவிலிருந்து குழாய்த் தண்ணீர் 1890களிலேயே வந்துவிட்டது. 1898இல் பிளேக் இந்த ஊரை உலுக்கியது. நெருக்கமான பேட்டைத் தெருக்களை விட்டுக் கிளம்பியவர்களுக்காக பசவனகுடியும் மல்லேஸ்வரமும் போடப்பட்டன. அதற்கு ஏழு வருடம் கழிந்த தெரு நம்முடையது. பூட்டிய வீடு ஒன்றை வரிசையில் வைத்தால் பொருத்தமாகவே இருக்கும்.

கற்பனை ஊருக்கு இந்தக் கட்டுப்பாடெல்லாம் கிடையாது. மால்குடியை சங்கர் நாக் 1980களில் தொலைக்காட்சிக்காக ஆகும்பேயில் எழுப்பினார். அரசாளு ரயில் நிலையத்தில் இன்று மால்குடி அருங்காட்சியகமே இருக்கிறது. ஆர்.கே. நாராயணின் ஊரை அவரவர் மனத்துக்குத் தோன்றியபடி கட்டலாம். அவென்யூ ரோட்டை அப்படிக் கட்ட நமக்கு உரிமை இல்லை. அங்கே பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இதே ஊரில் இருக்கிறார்கள்.

இனி அளவெடுப்பு. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குப் போங்கள். கடைகள் திறந்துவிட்டால் காகிதக் கட்டுகளும் புத்தக அடுக்குகளும் ஸ்கூட்டர்களும் சேர்ந்து நிற்க இடம் கிடைக்காது. தரைத்தளத்தைப் பார்த்துப் பயனில்லை. அங்கே இரும்பு ஷட்டரும் ஃப்ளெக்ஸ் போர்டும்தான். போர்டுக்கு மேலே பாருங்கள். முதல் மாடியில் மர அழி போட்ட ஜன்னல், சுண்ணாம்புச் சாந்தில் இழுத்த விளிம்பு, உத்தரத்தைத் தாங்கும் மரக் கொடுங்கை, ஓரம் சரிந்த மங்களூர் ஓடு எல்லாம் சில இடங்களில் இன்னும் இருக்கின்றன. மேலே எட்டாததை டேப்பால் அளக்க முடியாது. ஓர் அடி ஸ்கேலை ஒரு கம்பின் நுனியில் கட்டி ஜன்னலருகே உயர்த்திப் பிடிக்க ஒருவரை வைத்துக்கொண்டு, நீங்கள் எதிர் நடைபாதையில் நேர் எதிராக நின்று படம் எடுங்கள். ஸ்கேல் எத்தனை மடங்கு என்று படத்திலேயே எண்ணி ஜன்னலின் உயரத்தைக் கண்டுபிடித்துவிடலாம். பழைய புகைப்படத்திலும் இதே வழிதான். அங்கே ஸ்கேலுக்குப் பதில் நிற்கிற ஆளின் உயரம்.

நான் ஒரு கதவு நிலையை அளந்துகொண்டிருந்தபோது, ஷட்டரைத் தூக்க வந்த கடைக்காரர் கேட்டார்: “என்ன சார், ரோடு அகலம் பண்ணப் போறாங்களா?” இல்லை என்று விளக்கினேன். அவர் நம்பவில்லை. “போன தடவையும் இப்படித்தான் டேப் புடிச்சாங்க.” சாலை அகலப்படுத்தும் பேச்சு வந்து, வியாபாரிகள் எதிர்த்து நின்ற தெரு இது. பக்கத்தில் சிக்பேட்டையில் சுரங்கத்தில் 2017இலிருந்து மெட்ரோவும் ஓடுகிறது. டேப்போடு வருகிறவரைக் கண்டால் அவர்களுக்குக் கலக்கம் வருவது நியாயம். வரைந்த தாளைக் காட்டியபிறகு மனம் இளகி, உள்ளே கூப்பிட்டு, பின்கட்டில் தொட்டி முற்றம் இருந்த இடத்தைக் காட்டினார். மேலே தகரம் போட்டு மூடிவிட்டார்கள். நான்கு மூலைக் கருங்கல் தூண்களும் அப்படியே நிற்கின்றன, இடையில் நோட்டுப் புத்தகக் கட்டுகள்.

அளந்ததில் முதலில் கவனிக்க வேண்டியது சுவரின் கனம். அந்தக் காலத்துச் சுவர் ஒன்றரை அடிக்குக் குறையாது. 1:50இல் ஒன்பது மில்லிமீட்டர். பலரும் இரண்டு மில்லிமீட்டர் அட்டையில் சுவர் வெட்டி, அதில் ஜன்னலை ஒட்டிவிடுகிறார்கள். வீடு அட்டைப்பெட்டியாகத் தெரிவதற்கு அதுதான் காரணம். ஐந்து மில்லிமீட்டர் சன்போர்டு இரண்டை ஒட்டிச் சுவர் செய்யுங்கள். ஜன்னலைச் சுவரின் உள்பக்கமாகப் பொருத்துங்கள். அந்தப் பள்ளத்தில் விழுகிற நிழலே வீட்டுக்கு வயதைக் கொடுத்துவிடும். மேலே சுண்ணாம்புக்குப் பதில் மெல்லிய புட்டி, அதன்மேல் நீர்த்த வெள்ளை, வெளிர்நீலம், மஞ்சள். எனாமல் வேண்டாம், பளபளக்கும். அடியில் ஒன்றரை அடி உயரத்துக்கு, அதாவது மறுபடி ஒன்பது மில்லிமீட்டருக்கு, செம்மண் கலங்கல் தெறித்த கறை. ஜூலை மழை அல்லவா? அட்டை, காகிதம், பசை எல்லாவற்றையும் அவென்யூ ரோட்டிலேயே வாங்கலாம். பல்பு டப்பாவுக்குள் சுற்றி வரும் நெளி அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள், அடுத்த வாரம் கூரைக்கு வேண்டும்.

ஆட்களுக்கு ஒரு வார்த்தை. கட்டடக்கலை மாணவர்களுக்காகக் கடைகளில் விற்கும் 1:50 மனிதர்கள் எல்லோரும் கால்சட்டை போட்டவர்கள். டிஷ்யூ பேப்பரைத் தண்ணீர் கலந்த ஃபெவிக்காலில் நனைத்து இடுப்பிலிருந்து சுற்றி, ஊசி முனையால் மடிப்பு எடுத்தால் வேட்டி வரும். தலைப்பாகைக்கு அதையே திரித்துச் சுற்றுங்கள். குடம், உருளி, தானியப் படி இவற்றுக்குச் சென்னபட்டண பொம்மைக்காரர்கள் கடையும் வெட்பாலை மரத் துண்டு மாதிரி எதுவும் வராது. மென்மையான மரம், விரல்நக அளவிலும் பிளக்காமல் கடைய வரும். நவராத்திரிக் கொலுவில் படிக்குப் பக்கத்தில் ராகி முளைக்கவிட்டு வயலும், கண்ணாடி வைத்துக் குளமும், அதைச் சுற்றித் தெருவும் அமைத்த கைகள் நம் வீடுகளில் இருக்கின்றன. இந்த வேலை நமக்கு அந்நியம் அல்ல. அளவு பிசகாமல் செய்வது ஒன்றுதான் புதிது.

அளவு பிசகாமல் செய்ததால் என்ன மிஞ்சும் என்பதற்கு பிராக் நகரத்து அந்தோனின் லாங்வெய்ல் சாட்சி. நூலகம் ஒன்றில் சொற்பச் சம்பளப் பணியாளர். பாரிஸ் நகரத்தின் மாதிரி ஒன்றைக் காட்சியில் பார்த்துவிட்டு, 1826இல் தன் ஊரை அட்டையில் செய்ய ஆரம்பித்தார். விகிதம் 1:480. அந்தச் சின்ன அளவிலும் வீடு வீடாகப் போய்ப் பார்த்து, ஜன்னல், விரிசல், சுவரில் எழுதிய பெயர் வரை பேனாவாலும் வண்ணத்தாலும் வரைந்தார். 1837இல் இறக்கும்வரை விடவில்லை. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கட்டடங்களை முடித்தும் நகரம் முழுமையாகவில்லை. அவர் இறந்து ஐம்பது அறுபது வருடங்களில் பிராக்கின் யூதர் குடியிருப்பைப் பெரும்பாலும் இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். அந்த வீடுகள் எப்படி இருந்தன என்று தெரிந்துகொள்ள இன்றைக்கு ஆய்வாளர்கள் போய் நிற்பது லாங்வெய்லின் அட்டைகளுக்கு முன்னால். ஊர் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. அவர் அழகுக்காக ஒரு கோபுரத்தை உயர்த்தியிருந்தாலோ, பிடித்த ஒரு வீட்டை வேறு தெருவிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்தாலோ, யாரும் அதை நம்பியிருக்க மாட்டார்கள்.

நம் பேட்டை வீடுகள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருக்கின்றன. பாகப்பிரிவினை, வாடகை, கூரை ஒழுக்கு, புதுக் கட்டடத்தின் லாபம் என்று காரணங்கள் உண்டு. உரிமையாளர்களைக் குறை சொல்ல நான் தயாரில்லை. ஆனால் இடிப்பதற்கு முன் அளந்து வைப்பதை யாரும் தடுக்கவில்லை. பெங்களூரோ மதுரையோ கும்பகோணமோ, உங்கள் தெருவில் அப்படி ஒரு வீடு இருந்தால் வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு இந்த வாரமே போங்கள். முகப்பின் அகலம், திண்ணையின் உயரம், கதவு நிலை, ஜன்னல், சுவரின் கனம், தூண்களின் இடைவெளி ஆகிய ஆறையும் எடுத்து, தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மாதிரி பிறகு செய்துகொள்ளலாம்.